எருக்கம்பூவும் அதோட சொந்தக்காரங்களும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

செடி பாக்கப் போற எடத்துல எல்லாம் எருக்கு கண்ணுல படாம இருக்காது, அத பாத்து நின்னதும் கூட வர்றவங்க கேக்குற கேள்வியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இவ்ளோ பூ இருக்கே காய் எங்க, இதுக்கும் நன்னாரிக்கும் என்ன சொந்தம், இந்தப் பூவுல மகரந்தமே காணோமே, இப்படி. ஒவ்வொரு தடவையும் வெயில்ல நின்னு சொல்றதுக்கு ஒரேடியா எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. வரிசை எல்லாம் பெருசா பாக்கல, கேள்வி நினைவுக்கு வந்தபடி வந்திருக்கு.

எருக்கு குடும்பம்னா யார் யார் இருக்காங்க?

எருக்கு, வேலிப்பருத்தி (சில ஊர்ல உத்தாமணி), நன்னாரி, மாகாளிக்கிழங்கு, சிறுகுறிஞ்சான், நஞ்சறுப்பான், கீரைப்பாலை, கள்ளிமுளையான், அப்புறம் தொட்டியில வளக்குற ஹோயா, இவங்க எல்லாம் நெருங்குன சொந்தம். முகத்த பாத்தா நம்ப மாட்டீங்க, ஒண்ணு புதர், ஒண்ணு கொடி, ஒண்ணு இலையே இல்லாம கள்ளி மாதிரி தண்டோட நிக்குது. ராபர்ட் பிரவுன்னு ஒரு ஸ்காட்லாந்து தாவரவியலாளர் 1810ல பூவோட அமைப்ப வெச்சு இவங்கள அரளி குடும்பத்துல இருந்து தனியா பிரிச்சாரு, ரொம்ப காலம் அது தனிக்குடும்பமாவே இருந்துச்சு, அப்புறம் 1998ல வந்த புது வகைப்பாட்டுல மறுபடியும் அரளி, நித்தியகல்யாணி எல்லாம் இருக்குற வீட்டுக்கே கொண்டுபோய் சேத்துட்டாங்க. பாகம் பிரிச்சு போன தம்பி திரும்ப கூட்டுக்குடும்பத்துக்கு வந்த கதைதான். ஆனா பிரவுன் எத பாத்து பிரிச்சாரோ அந்த விஷயம் இன்னமும் அப்படியேதான் இருக்கு, அதுதான் அடுத்த கேள்வி.

எருக்கம்பூவ தட்டிப் பாத்தேன், மகரந்தத்தூளே கொட்டலையே?

கொட்டாது. இங்க மகரந்தம் தூளா இல்ல, பொட்டலமா இருக்கு. செம்பருத்தியில விரல் வெச்சா மஞ்சத்தூள் ஒட்டுதுல்ல, அந்த மாதிரி ஆயிரக்கணக்கான துகள தனித்தனியா விடாம எருக்கு எல்லாத்தையும் மெழுகு மாதிரி ஒரு சின்ன தட்டையான கட்டியா இறுக்கி வெச்சிருக்கும். இதுக்கு பொலினியம்னு பேரு. இந்த மாதிரி ரெண்டு கட்டிய ரெண்டு மெல்லிசு கையால ஒரு கருப்பு கவ்வியில மாட்டி வெச்சிருக்கும், பாக்க தராசு மாதிரி இருக்கும், கவ்விய மட்டும் பெருசு பண்ணி பாத்தா நடுவுல கீறலோட ஹேர்பின் மாதிரி இருக்கும். ஒரு பூவுல இந்த மாதிரி அஞ்சு செட், அதாவது மொத்தம் பத்து பொட்டலம், அவ்வளவுதான், ஸ்டாக் முடிஞ்சுது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு தராசுல தொங்குற ரெண்டு பொட்டலமும் ஒரே மகரந்தப்பையில இருந்து வந்தது கிடையாது, இந்தப் பக்கத்து பையோட வலது பாதியும் அந்தப் பக்கத்து பையோட இடது பாதியும் நடுவுல சேந்து ஒரு ஜோடி ஆகுது. பூவுக்கு நடுவுல கிரீடம் மாதிரி தெரியுதே, அதுக்குள்ள ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒட்டி ஒரே தூணா ஆயிருக்கும், அந்த தூணச் சுத்தி அஞ்சு செங்குத்தான பிளவு, ஒவ்வொரு பிளவுக்கு மேலயும் ஒரு கவ்வி காத்துட்டு இருக்கும். மகரந்தம் உள்ள போகவேண்டிய வழியும் அதே பிளவுதான். பூட்டும் சாவியும் ஒரே எடத்துல.

இத நாமளே எடுத்து பாக்க முடியுமா?

தாராளமா, லென்ஸ் கூட கட்டாயம் இல்ல. புதுசா விரிஞ்ச எருக்கம்பூ ஒண்ணு எடுத்துக்கங்க, கிரீடத்தோட ரெண்டு மடிப்புக்கு நடுவுல பாத்தீங்கன்னா அந்த பிளவு தெரியும், மெல்லிசு ஊசி நுனிய கீழ இருந்து மேல மெதுவா இழுங்க, சரியா மாட்டுச்சுன்னா நுனியில ஒரு கருப்பு புள்ளியும் அதுல தொங்குற ரெண்டு மஞ்ச துண்டும் வரும். மொத தடவையிலயே வராது, எனக்கு நாலாவது பூவுலதான் வந்துச்சு. பூவ பறிக்கும்போது பால் வரும், அது கைல இருக்குறப்ப கண்ண தொடாதீங்க, ஏன்னு கடைசியில சொல்றேன்.

அப்ப இத தூக்கிட்டு போறது யாரு?

எருக்குக்கு முக்கியமான ஆளு கருவண்டு, அதாவது பட்டுப்போன மரத்துல ஓட்ட போட்டு கூடு கட்டுமே அந்த தச்சுத்தேனீ. பேருதான் வண்டு, உண்மையில அது தேனீ சொந்தம். நல்ல பெரிய உடம்பு, முரட்டு காலு. தேன் குடிக்க வந்து கிரீடத்த புடிச்சுட்டு தொங்கும், புடி வழுக்கும்போது கால் நகமோ முடியோ பிளவுக்குள்ள போயிடும், வெளிய எடுக்க மேல இழுத்தா கவ்வி மாட்டிக்கும். அடுத்த பூவுல அதே மாதிரி வழுக்கும்போது தொங்குற பொட்டலம் பிளவுக்குள்ள போய் கை உடைஞ்சு அங்கயே தங்கிடும். ஊசிய கீழ இருந்து மேல இழுக்கச் சொன்னதும் இதனாலதான், நாம கருவண்டு காலா நடிக்கிறோம்.

இந்த வேலைக்கு பலம் வேணும். எறும்பும் சின்னப் பூச்சியும் வந்து தேன குடிச்சுட்டு கிளம்பிடும், வேலை ஒண்ணும் நடக்காது. அமெரிக்காவுல இருக்குற எருக்கு சொந்தக்காரங்க, மில்க்வீட்னு சொல்லுவாங்களே, அதுல இன்னும் மோசம், பலம் பத்தாத பூச்சி கால் மாட்டி வெளிய எடுக்க முடியாம அங்கயே தொங்கி செத்துப் போகும், இல்லன்னா கால அங்கயே விட்டுட்டு நொண்டிட்டு பறந்து போகும். அந்த மில்க்வீட்ல இன்னொரு ஏற்பாடும் இருக்கு, பொட்டலம் வெளிய வந்த உடனே பிளவுக்குள்ள நுழையாது, காத்துல காய காய அந்த கை முறுக்கிட்டு திரும்பும், அதுக்கப்புறம்தான் சரியான கோணத்துல உள்ள போகும். அதுக்குள்ள தேனீ அதே செடிய விட்டு வேற செடிக்கு போயிருக்கும்னு ஒரு கணக்கு.

தேனீ இந்த மகரந்தத்த திங்குமான்னு கேப்பாங்க. திங்காது, பொட்டலமா இருக்குறதால கூட்டுக்கு எடுத்துட்டு போய் குஞ்சுக்கு ஊட்டவும் முடியாது. கூலி தேன் மட்டும்தான்.

இவ்ளோ பூ பூக்குது, காய் ஏன் அங்கங்க ஒண்ணு ரெண்டு மட்டும்?

அதான் பொட்டலத்தோட விலை. தூளா இருந்தா கொஞ்சம் இங்க கொஞ்சம் அங்கன்னு பல பூவுக்கு போய் சேரும். பொட்டலம் அப்படி இல்ல, போனா முழுசா போகும், போகலன்னா ஒரு துகள் கூட போகாது. அமெரிக்க மில்க்வீட்ல நல்லா எண்ணிப் பாத்த கணக்கு இருக்கு, நூறு பூ பூத்தா சாதாரணமா 1ல இருந்து 5 வரைதான் காயாகும். மீதி எல்லாம் உதிர்ந்துடும்.

ஆனா போன எடத்துல ஜாக்பாட். ஒரு பொட்டலத்துல இருக்குற துகள் ஒரு காய்க்குள்ள இருக்குற சூல் எல்லாத்துக்கும் போதும், அதனால காய் புடிச்சா பஞ்சோட நிறைய விதை கேரண்டி. இன்னொண்ணு, அந்த காய்ல இருக்குற விதை கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அப்பா ஒரே அம்மாவுக்கு பொறந்தது. மத்த செடிங்கள்ல ஒரே காய்க்குள்ள பல அப்பா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, இங்க அந்த பேச்சே அபூர்வம்.

பூவுக்கு ரெண்டு சூலகம் உண்டு, அதனாலதான் சில சமயம் மாட்டுக்கொம்பு மாதிரி ஜோடியா காய் தொங்கும். ரெண்டும் காய்க்கணும்னா ரெண்டுக்கும் தனித்தனியா மகரந்தம் போய் சேரணும், அது அமையறது கஷ்டம், அதான் ஒத்தக் காயே அதிகம் கண்ணுல படுது.

எங்க வீட்டுப் பக்கத்துல ஒரே ஒரு செடி, பூத்து பூத்து கொட்டுது, காயே இல்ல. மலடா?

மலடுன்னு சொல்லாதீங்க பாவம். முதல்ல கருவண்டு வருதான்னு காலைல ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. சுத்தி பழைய மரம், மூங்கில், காஞ்ச கட்டை எதுவும் இல்லன்னா கருவண்டுக்கு வீடே இல்ல, அப்புறம் எப்படி வரும். ரெண்டாவது, இந்த சொந்தத்துல நிறைய பேருக்கு தன்னோட மகரந்தம் தனக்கே ஒத்துக்காது. அமெரிக்காவோட சாதாரண மில்க்வீட்ல சொந்த மகரந்தம் போனா குழாய் விட்டு வளரும், சூல் வரைக்கும் கூட போகும், அதுக்கப்புறம்தான் செடி வேணாம்னு தள்ளி பூவ உதிர்த்துடும். அதுலயும் ஒரு சிக்கல், அந்த செடி மண்ணுக்கு அடியில தண்டு ஓட்டி பரவுறதால ஒரு வயல் முழுக்க நிக்கிற தண்டு எல்லாம் ஒரே செடியா கூட இருக்கலாம். தேனீ நூறு தண்டு ஏறி இறங்கினாலும் அது ஒரே ஆள் வீட்டுலயே சுத்துன மாதிரிதான். ஆனா அதே பேரினத்துல சதுப்புல வளர்ற இன்னொரு மில்க்வீட் தன் மகரந்தத்துலயே காய்க்கும். அக்கா ஒரு மாதிரி தங்கச்சி ஒரு மாதிரி, குடும்பப் பேர வெச்சு முடிவு பண்ண முடியாது.

வெள்ளெருக்கு வேற இனமா?

பிள்ளையார் செய்யறதுக்கு தேடுற வெள்ளெருக்கு பெரும்பாலும் நம்ம ஊதா எருக்கோட வெள்ள நிற வகைதான், இனம் ஒண்ணுதான். நிஜமாவே வேற இனமா இன்னொரு எருக்கு இருக்கு, ப்ரொசீரா. வறண்ட எடத்துல, வடக்க போகப் போக, அப்படியே அரேபியா ஆப்பிரிக்கா வரைக்கும் அதான் அதிகம். அடையாளம் சுலபம். நம்ம எருக்குல இதழ் விரிஞ்சு வெளிப்பக்கமா சாயும், ப்ரொசீராவுல இதழ் நிமிந்து கிண்ணம் மாதிரி நிக்கும், உள்ள வெள்ளை, நுனியில மட்டும் ஊதா, வாசமும் உண்டு. மொட்டும் உருண்டையா இருக்கும். அதையும் சிலர் வெள்ளெருக்குன்னு சொல்லிடறாங்க. மகரந்தச்சேர்க்கைய பொறுத்த வரைக்கும் ரெண்டு பேருக்குமே பெரிய தேனீதான் வேணும். ப்ரொசீரா பிரேசில், ஆஸ்திரேலியா வரைக்கும் போய் களையா பரவியிருக்கு, பிரேசில்ல அங்க இருக்குற தச்சுத்தேனீங்க அத புது வாடிக்கையா ஏத்துக்கிச்சு.

நன்னாரிக்கும் இதே பொட்டலம்தானா?

இல்ல, இதுதான் சுவாரஸ்யமே. நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் இந்த குடும்பத்துல வேற கிளை. அந்த கிளையில மகரந்தம் பெரும்பாலும் மெழுகு கட்டியா இறுகாம, நாலு நாலு துகளா ஒட்டி இருக்கும், அத ஏந்துறதுக்கு ஒரு குட்டி ஸ்பூன். ஸ்பூனோட கைப்பிடி அடியில பசை. பூச்சி உள்ள வந்துட்டு போகும்போது பசை ஒட்டிக்கும், ஸ்பூன் சரக்கோட கூடவே போகும். கவ்வி கிடையாது, பசைதான். எருக்கு ஸ்டைலுக்கு வர்றதுக்கு முந்தின படி மாதிரி தெரியும், ஆனா நன்னாரி எருக்கோட பாட்டின்னு நெனச்சுடாதீங்க, அது தன் வழியில தனியா வந்தது. நடுவுல செக்கமோன்னு இன்னொரு கொடி கூட்டம் இருக்கு, அதுல கவ்வி உண்டு, ஆனா ஒரு கவ்விக்கு ரெண்டு இல்ல, நாலு பொட்டலம்.

நன்னாரிப் பூவ பாத்தவங்க கம்மி. அஞ்சாறு மில்லிமீட்டர் இருந்தா பெருசு, வெளிய பச்ச, உள்ள கருஞ்சிவப்பு, இலைக்கு அடியில ஒளிஞ்சுட்டு இருக்கும். நாம வேருக்காகத்தான் தேடுறோம், பூவ யாரு பாத்தா. விதை தவிர வேர்ல இருந்தும் அது திரும்ப துளிர்க்கும், அதனால தோண்டுறவங்க கொஞ்சம் வேர மண்ணுலயே விட்டுட்டு போனா பொழச்சுக்கும். மாகாளிக்கிழங்கு நிலைமைதான் கவலை, ஊறுகாய்க்கு முழு கிழங்கையும் காட்டுல இருந்து தோண்டி எடுத்தா அந்த செடி அதோட முடிஞ்சுது, பூத்து விதை போடுறதுக்குள்ளயே கதை க்ளோஸ்.

ஈய சிறை வைக்கிற பூன்னு கேள்விப்பட்டேன், அதுவும் இந்த குடும்பமா?

ஆமா, செரோபீஜியா. நர்சரியில ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ்னு தொங்க விட்டு விக்கிறாங்களே அதுவும் இதுதான், அது தென்னாப்பிரிக்கா ஆளு. நம்ம ஊரு வறண்ட புதர்க்காட்டுல, நீலகிரி புல்வெளியில, மகாராஷ்டிரா சஹ்யாத்ரி மலையில எல்லாம் காட்டு செரோபீஜியா இருக்கு. பூ லாந்தர் விளக்கு மாதிரி இருக்கும், அடியில உப்பலா ஒரு அறை, நடுவுல நீட்டு குழாய், மேல இதழ் நுனி எல்லாம் சேந்து கூண்டு.

இங்க வேலைக்காரன் தேனீ இல்ல, பொடி ஈ. வாசனையில மயங்கி வந்து உக்காரும், வழுக்கி குழாய்க்குள்ள விழும். குழாய்க்குள்ள இருக்குற முடி எல்லாம் கீழ்நோக்கி இருக்கு, உள்ள போறது சுலபம், வெளிய வர முடியாது. அடி அறையோட சுவர்ல வெளிச்சம் ஊடுருவுற மாதிரி வெளிறிப்போன எடம் இருக்கும், நிறைய இனத்துல பாக்கலாம், ஈ வெளிச்சத்த பாத்து அதுதான் வாசல்னு நெனச்சு அந்தப் பக்கமே மோதும், பொட்டலமும் அங்கதான் இருக்கு. வாய்ல கவ்வி மாட்டிக்கும். பூ வாட ஆரம்பிச்சதும் முடி சுருங்கும், கதவு திறந்துடும், ஈ விடுதலை. வெளிய வந்து புத்தி வந்துச்சான்னா அதுவும் இல்ல, அடுத்த செரோபீஜியா வாசனைக்கும் போய் விழும், அப்பதான் செடிக்கு காரியம் ஆகும். கூலியே குடுக்காம வேலை வாங்குற எடம்.

என்ன வாசனைன்னா, தென்னாப்பிரிக்காவுல சாண்டர்சோனின்னு ஒரு இனத்த வெச்சு 2016ல வந்த ஆராய்ச்சி சொல்றது, அது அடிபட்ட தேனீ மாதிரி மணக்குதாம். சிலந்தி ஒரு தேனீய புடிச்சு தின்னும்போது அந்த தேனீல கசியுற சாற குடிக்கிறதுக்குன்னே ஒரு ஈ ஜாதி இருக்கு, அந்த ஈக்கு விருந்து ரெடின்னு பொய் அழைப்பு அனுப்புது பூ. ஒரு பூ சாகப்போற தேனீயா நடிக்குதுன்னு மொத தடவ படிச்சப்ப நான் திரும்ப ஒரு தடவ படிச்சேன்.

ஆடுதீண்டாப்பாளையும் இப்படித்தான் ஈய அடைச்சு வெக்கும், ஆனா அது இந்த குடும்பமே இல்ல, தூரத்து சொந்தம் கூட கிடையாது. ஒரே திருட்டு, ரெண்டு வேற வேற வீடு.

கள்ளிமுளையான் பூ ஏன் நாறுது?

ஈக்காகத்தான். நாம துவையல் அரைக்கிற அதே கள்ளிமுளையான்தான், தண்டு மட்டும்தான் சாப்புடுறோம், பூவ யாரும் மோந்து பாக்கறதில்ல. இது செரோபீஜியாவோட ரொம்ப நெருக்கம், எவ்ளோ நெருக்கம்னா 2017ல இந்த கள்ளி மாதிரி கூட்டத்த மொத்தமா செரோபீஜியா பேருக்குள்ளயே சேத்துடலாம்னு சிலர் எழுதினாங்க, எல்லாரும் ஒத்துக்கல. வித்தியாசம் என்னன்னா இங்க சிறை இல்ல, திறந்த வீடு, கெட்ட வாடை மட்டும். தொட்டியில வளக்குற ஸ்டபீலியா பெரிய நட்சத்திரம் மாதிரி பூக்கும், அழுகின கறி நாத்தம், ஈ நிஜ கறின்னே நம்பி முட்டை போட்டுடும், பொரிச்சு வர்ற புழுவுக்கு திங்க ஒண்ணும் இருக்காது, பட்டினிதான்.

பூச்சியே வேணாம்னு இருக்குறது யாராவது உண்டா?

உண்டு, நஞ்சறுப்பானோட சொந்தத்துல. ஐரோப்பாவுல இருந்து வட அமெரிக்காவுக்கு போன வின்சிடாக்ஸிகம் கொடி ரெண்டு இனம் தன் மகரந்தத்துலயே காய்க்கும், யாரும் வரணும்னு அவசியம் இல்ல. அதோட ஒரே விதையில இருந்து ரெண்டு மூணு நாத்து கூட முளைக்கும். ஒத்த விதை போய் விழுந்தாலே ஒரு காடு உண்டாகிடும்னா யோசிங்க, கனடாவோட ஒன்டாரியோ பக்கமும் நியூயார்க் பக்கமும் அதான் நடந்துச்சு, இன்னைக்கு அங்க பெரிய தலைவலி. மொனார்க் பட்டாம்பூச்சி அத மில்க்வீட்னு நெனச்சு முட்டை போடும், புழு பொழைக்காது.

ஆர்க்கிட் பூவுலயும் பொலினியான்னு படிச்சேனே, ரெண்டும் சொந்தமா?

கிடையாது. ஆர்க்கிட் ஒருவித்திலை, வாழை, நெல்லு பக்கம். எருக்கு இருவித்திலை. ரெண்டு பேரும் தனித்தனியா அதே பொட்டல ஐடியாவுக்கு வந்திருக்காங்க. முன்னாடி சொன்ன ராபர்ட் பிரவுன் 1831ல இந்த ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல வெச்சு எப்படி கரு புடிக்குதுன்னு பாத்து ஒரு கட்டுரை படிச்சாரு, செல்லுக்குள்ள இருக்குற உட்கருவுக்கு ஆங்கிலத்துல இன்னைக்கும் சொல்ற நியூக்ளியஸ்ங்கற பேர அவர் வெச்சதும் அந்த கட்டுரையிலதான். ஸ்கூல்ல உட்கருவ பத்தி படிக்கும்போது எருக்கு ஜாதிய பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அப்பவே பயாலஜி பிடிச்சிருக்கும்.

எருக்குல இருக்குற வரி வரி புழு காயாகுறத தடுக்குமா?

அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு, இலைய திங்கும், செடிக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. விட்டுடுங்க.

காய் பறிச்சேன், விதை எப்ப எடுக்கணும்?

பச்சையா பறிச்சா பிரயோஜனம் இல்ல. செடியிலயே பழுப்பாகி ஒரு பக்கமா வெடிக்க ஆரம்பிக்கும்போது எடுங்க, ஒரு நாள் லேட்டானா தாத்தா பூச்சியா பறந்து போயிடும், சின்ன வயசுல ஊதி விளையாடுவோமே அதுதான். வேலிப்பருத்தி காய் மேல முள்ளு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, குத்தாது.

எருக்கம்பால் கண்ணுல பட்டா?

இத மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. பட்ட உடனே ஓடுற தண்ணியில நல்லா நேரம் எடுத்து கழுவுங்க. இந்தப் பாலோட ஆபத்தே அது பெருசா வலிக்காம பாதிக்கிறதுதான், கருவிழி வீங்கி பார்வை மங்கும், வலி இல்லாததால ஜனங்க நாளைக்கு பாத்துக்கலாம்னு தூங்கிடுவாங்க. என் கூட வந்த பையன் ஒருத்தன் பூவ பிரிச்சுட்டு கண்ண கசக்கிட்டு வீட்டுக்கு போனான், மறுநாள் காலைல லைட்ட சுத்தி வளையம் வளையமா தெரியுதுன்னு போன் பண்ணான், டாக்டர் சொட்டு மருந்து குடுத்து சரியாகுறதுக்குள்ள எனக்குதான் தூக்கம் போச்சு. தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடுன்னு யாராவது வந்து சொல்லுவாங்க, கேக்காதீங்க, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க.